கதிரவனுக்கும் துரையின் கையொப்பமா?

ஆடி, ஆவணி மாதங்களில் ஊவா மாகாணத்து மலைச்சரிவுகளில் நின்று பார்த்தவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். மேற்குச் சரிவிலே ஹட்டனும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் தென்மேற்குப் பருவ மழையில் நனைந்து கிடக்கும் வேளையில், பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் வானம் தெளிந்து, வெயில் காய்ந்து, வறண்ட கச்சான் காற்று வீசும். அந்த வெயிலும் காற்றும் கொழுந்தில் ஏற்றுகின்ற மணமே ஊவாத் தேயிலை என்னும் பெயரால் உலகச் சந்தையில் தனி விலை பெறுகின்றது. நூறாண்டுக்கு மேலாக இந்த வெயிலை விற்றுச் செல்வம் சேர்த்தவர் பலர். வெயிலிலே நின்று கொழுந்தெடுத்தவரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும், அவர்கள் மருந்துக்குக் காத்து நிற்கும் மருந்தகத்துக்கும், அவர்கள் கும்பிடும் கோயிலுக்கும் அந்த வெயிலால் கிடைத்த பயன் யாது? ஒன்றுமில்லை.

இன்று அதே வெயில் மின்சாரமாகி, அந்த ஏழை நிலையங்களின் செலவைக் குறைத்து, இருளை நீக்கக்கூடிய காலம் பிறந்திருக்கிறது. பிறந்த காலத்தை வாயிலிலேயே மறித்து நிற்கும் தடையும் ஒன்றுண்டு. அத்தடை பணம் என்று பலர் எண்ணுகின்றனர். அதனினும் பெரிய தடை ஒரு துண்டுக் காகிதம் என்பதை எடுத்துக் காட்டவே இதனை எழுதுகிறேன்.

மூன்று வாசல்கள்

சில மாதங்களுக்கு முன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கோயில் பரிபாலன சபையார் என் அலுவலகத்துக்கு வந்தனர். கோயில் மண்டபத்தின் கூரையில் 5 கிலோவாற்றுச் சூரியமின் தகடுகள் பொருத்த வேண்டுமென்பது அவர்கள் விருப்பம். பகலில் அருகிலுள்ள பிள்ளை மடுவத்துக்கும், மாலையில் மண்டபத்தில் நடக்கும் இலவச வகுப்புக்கும் அம்மின்சாரத்தைக் கொடுக்கலாம் என்று திட்டமிட்டிருந்தனர். கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பணத்துக்கு மேல் தருவதாக வாக்களித்திருந்தனர். மிகுதியைத் தவணையில் செலுத்தலாம்.

தகடு பொருத்தும் கம்பனி மூன்று பத்திரங்களைக் கேட்டது. ஒன்று, காணியின் உறுதி அல்லது குத்தகைப் பத்திரம். இரண்டு, கோயிலின் பெயரில் மின்கணக்கு. மூன்று, கோயிலின் பதிவுச் சான்று. கோயிலைக் கட்டியவர்கள் இன்றுள்ளோரின் பாட்டனார்கள். அவர்கள் கல் சுமந்தார்கள், மண் சுமந்தார்கள், உறுதி எழுதவில்லை. மின்கணக்கோ தோட்டத்தின் பெயரில் இருந்தது. தோட்டத் துரையிடம் போனார்கள். தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டுமென்றார். தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்கள். காணி அரசாங்கத்துக்குரியது, அவர்கள் இணங்காமல் நாம் இணங்க இயலாது என்று பதில் வந்தது. அரசாங்க அலுவலகத்துக்குப் போனார்கள்; காணி கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, அங்கே கேளுங்கள் என்றனர்.

மூன்று வாசல்களிலும் ஏறியிறங்கிய தலைவர், எழுபதைக் கடந்த பெரியவர், கடிதக் கட்டினை என் மேசைமீது வைத்துவிட்டுக் கேட்டார்: "ஐயா, வெயிலு யாரு வீட்டுச் சொத்துங்க? அதுக்கும் தொரை கையெழுத்துப் போடணுமா?"

சட்டம் படித்தவன், பல்லாண்டு நீதிமன்றம் ஏறியவன் என்றெல்லாம் என்னைச் சொல்வர். அவருடைய கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை.

தவறவிட்ட ஆண்டுகள்

சூரிய மின்சாரம் செல்வந்தரின் ஆடம்பரம் என்ற காலம் போய்விட்டது. 2010ஆம் ஆண்டுக்குப் பின் உலகச் சந்தையில் தகடுகளின் விலை ஏறத்தாழப் பத்திலொன்றாக விழுந்துவிட்டது. இந்நாட்டில் 2016ஆம் ஆண்டு தொடங்கிய 'சூரியபல சங்கிராமய' என்னும் திட்டம், கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கும் வழியைத் திறந்தது. முதல் ஏழாண்டுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும், அடுத்த பதின்மூன்று ஆண்டுக்கு 15 ரூபா 50 சதமும் என 20 ஆண்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் புதியவர்களுக்கான விலை 37 ரூபா வரை ஏறியது. 2024இல் 27 ரூபாவாக இறங்கியது. 2025இல் 5 கிலோவாற்றுக்கு உட்பட்ட சிறு கூரைகளுக்கு 20 ரூபா 90 சதமாகியது.

இவ்விலைகளை நான் அடுக்குவதன் காரணம் உண்டு. கூரையும் உறுதியும் கையிலிருந்தவர்கள் நல்ல விலை கிடைத்த ஆண்டுகளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். பத்திரமில்லாத தோட்டத்து நிலையங்கள் அந்த ஆண்டுகளையெல்லாம் வெளியே நின்று கழித்தன. விற்கும் விலை ஏறியபோதும் அவர்களுக்கு வரவில்லை; வாங்கும் விலை ஏறியபோது மட்டும் தவறாமல் வந்தது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டதை யார் மறந்தார்? விளக்கைக் குறைத்து, மாலைப் பூசையை முன்கூட்டியே முடித்துக் கதவடைத்த கோயில்களை நான் அறிவேன்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நமது வானிலையில் 5 கிலோவாற்றுத் தகடுகள் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 500 அலகு தரும். பனி மூட்டமும் வடகீழ்ப் பருவ மழையும் உள்ள மாதங்களில் குறையும். கச்சான் காலத்தில் கூடும். ஆண்டுக்கு 6,000 அலகு என்று கொண்டால், 2025ஆம் ஆண்டு விலையில் அதன் பெறுமதி 1,25,400 ரூபா. பொருத்தும் செலவு பத்து இலட்சம் எனில் எட்டாண்டில் முதல் திரும்பிவிடும். தகடோ 25 ஆண்டு உழைக்கும். கடன் வாங்கிக் கிணறு வெட்டும் கமக்காரன் எவனும் இந்தக் கணக்கை உடனே புரிந்து கொள்வான்.

ஐயாயிரம் கூரைகள்

முதலுக்கு வழியில்லாத நிலையங்களுக்கு உதவியும் வந்திருக்கிறது. இந்திய அரசாங்கத்தின் 17 மில்லியன் டொலர் உதவியினால், இலங்கையின் 25 மாவட்டங்களிலும் உள்ள 5,000 சமயத் தலங்களின் கூரைகளில் தலா 5 கிலோவாற்றுச் சூரியமின் தொகுதிகள் பொருத்தும் திட்டம் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கைச் சனாதிபதியும் கூடித் தொடக்கி வைத்த திட்டமாகும். கூட்டிப் பார்த்தால் 25 மெகாவாற்று. ஒரு தலத்துக்குச் சராசரி 3,400 டொலர். விகாரை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்ற பேதமில்லாமல் வரும் இவ்வுதவியை நாம் மனமார வரவேற்கிறோம்.

வரவேற்கும் அதே வாயினால் ஒன்றைக் கேட்கவும் வேண்டியிருக்கிறது. பதுளை மாவட்டத்து மக்களில் ஏறத்தாழ ஐந்திலொருவர் தமிழர். அவர்களிற் பெரும்பாலோர் தோட்டத்தைச் சார்ந்தவர். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மாரியம்மன் கோயிலோ முருகன் கோயிலோ இருக்கிறது. இத்தகைய திட்டங்களுக்குத் தலங்களைத் தெரிவு செய்யும்போது பதிவையும் பத்திரத்தையும் முதற் கேள்வியாக வைப்பது அலுவலக வழக்கம். அக்கேள்வியிலேயே தோட்டத்துக் கோயில்கள் உதிர்ந்துவிடுமாயின், மலையக மக்களின் முன்னோர் பிறந்த நாட்டிலிருந்து வந்த கொடை, அம்மக்களின் கோயில் வாசலைத் தாண்டி வேறிடம் போய்விடும். உங்கள் தோட்டத்தில் எத்தனை கோயில்கள், அவற்றுள் எத்தனை இத்திட்டத்தில் இடம் பெற்றன என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கேட்பது குற்றமன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டிலிருந்து நம் கையில் இருக்கிறது.

கூரை யாருடையது?

இந்தச் சிக்கலின் வேரைத் தேடினால் நமது வரலாறே கிடைக்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மனிதனைப் பத்திரமற்றவனாக்கியது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, காணி வெள்ளைக் கம்பனிகளின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. அதில் குடியிருந்தவன் கைக்கு வரவில்லை. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. காணியின் உடைமை அரசிடம், 2045 வரை குத்தகை கம்பனியிடம், வியர்வை மட்டும் மக்களிடம் என்ற முப்பிரிவு அன்று உறுதியாயிற்று. அவனுக்கு இரண்டு நூற்றாண்டின் உழைப்பு இருக்கிறது. இரண்டு பேர்ச் நிலத்துக்கு உறுதி இல்லை.

சட்டத்தரணியின் கண்ணுக்கு இன்னொரு நுட்பமும் தெரிகிறது. சூரிய மின்சாரத்தை விற்கும் ஒப்பந்தம் 20 ஆண்டுக்குரியது. இன்று கையொப்பமிடும் ஒப்பந்தம் 2045ஐ எட்டும் அல்லது தாண்டும். தன் குத்தகை முடிந்த பின்னும் நீடிக்கும் உரிமையைக் கம்பனி எவ்வாறு தனியே கொடுக்கும்? கொடுத்தாலும் வங்கி எவ்வாறு நம்பும்? ஆகவே தோட்டத் துரை நல்லவரா கெட்டவரா என்ற விசாரணை இங்கு வேண்டியதில்லை. நல்ல துரையும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்படி சட்டம் அமைந்திருக்கிறது. மாற்ற வேண்டியது அந்த அமைப்பை.

மாற்ற முடியுமா என்று ஐயுறுவோருக்கு ஓர் உதாரணம் உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிந்தெடுத்தார்கள். அவ்வுறுப்பினரால் தோட்டத்துப் பாதையில் ஒரு விளக்கைக்கூட நட முடியவில்லை. முப்பதாண்டு கழித்து, 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. ஒரு பிரிவின் திருத்தம் மூடிய வாசலைத் திறந்தது. இப்போது நாம் கேட்பதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. ஓர் அமைச்சின் சுற்றறிக்கையும் ஒரு பக்கப் பத்திரமும் போதும்.

எழும் ஆட்சேபங்கள்

"வீடில்லை, காணியில்லை, கூலி போதவில்லை, இதற்கிடையில் சூரியமின் ஒரு கேடா?" என்று கேட்கும் தோழர்கள் உள்ளனர். காணியும் வீடும் கூலியும் நம் முதற் கோரிக்கைகள். அவற்றில் ஓர் அங்குலமும் நாம் பின்வாங்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது, மண்சரிவினால் மிகக் கொடிய இழப்புக் கண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. பாதைகள் அறுந்தன, மின்கம்பிகள் வீழ்ந்தன. உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தனர். இருட்டிலே கைக்குழந்தையுடன் உட்கார்ந்திருந்த தாய்க்கு ஒரு விளக்கு வேண்டியிருந்தது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதற்குத் தொலைபேசியில் மின்னூட்டம் வேண்டியிருந்தது. அந்த மண்டபத்துக் கூரையில் தகடும் அறையில் ஒரு பற்றரியும் இருந்திருந்தால் அதனை ஆடம்பரம் என்று அன்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்.

மருந்தகத்தின் கதையும் இதுவே. இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்தில் மின்சாரம் நிலையற்ற ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சூரியமின் பொருத்தினர். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சூரியமின் உள்ள நிலையங்களில் நடைபெற்ற பிரசவங்கள் அஃதில்லாதவற்றிலும் ஏறத்தாழ இருமடங்கு என்று கண்டது. இரவில் விளக்கு எரியும் என்ற நம்பிக்கை இருந்தால் தாய் அங்கே வருவாள். தடுப்பு மருந்தும் குளிர்ப்பெட்டியில் கெடாதிருக்கும்.

"பகலில் நாட்டில் சூரிய மின்சாரம் மிகுந்துவிட்டது, இனி வேண்டாம்" என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் உண்மை உண்டு. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது மின்தேவை குறைந்தமையால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே வேண்டிக்கொண்டது. ஆனால் பள்ளியும் பிள்ளை மடுவமும் மருந்தகமும் பகலில் இயங்குபவை. தாம் ஆக்கும் மின்சாரத்தைத் தாமே உண்பவை. பற்றரியும் சேர்ந்தால் மிகுதியை இரவுக்குச் சேமிக்கலாம். தகட்டோடு பற்றரியும் சேரட்டும் என்பதே இவ்வாட்சேபத்திலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம்.

மூன்றாவது ஆட்சேபத்தை நான் மிக மதிக்கிறேன். "இலவசமாக வந்தது இரண்டாண்டில் பழுதாகும்" என்பர் அனுபவம் மிக்கோர். ஊவா மாகாணம் இத்துறைக்குப் புதிதன்று. மின்கம்பி எட்டாத கிராமங்களுக்குச் சிறு சூரியத் தொகுதிகள் வந்த காலத்தில், வீட்டுக்கு 10,000 ரூபா மானியம் கொடுத்து நாட்டுக்கே வழிகாட்டியது ஊவா மாகாண சபை. பின்னர் மின்கம்பி வந்தது; பற்றரிகள் செத்தன; பழுது பார்ப்பாரின்றிப் பல தகடுகள் கோழிக்கூட்டுக்குக் கூரையாயின. அத்தவறு மீண்டும் நேரக்கூடாது. தகடு 25 ஆண்டு உழைத்தாலும், மின்மாற்றும் இன்வேர்ட்டர் பத்தாண்டளவில் மாற்றப்பட வேண்டியது. மாதம் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வைக்காத சபை, பத்தாவது ஆண்டில் மறுபடி உண்டியல் ஏந்தும்.

நாம் கேட்பவை

இவ்வளவும் கூறியபின், கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம்.

முதலாவது, தோட்டங்களிலுள்ள பள்ளி, மருந்தகம், பிள்ளை மடுவம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சனசமூக நிலையம் ஆகியவற்றுக்கு ஒரு பக்கக் கூரைப் பயன்பாட்டுப் பத்திரம் வேண்டும். அரசு, கம்பனி, நிலையம் என்ற மூவரும் அதில் கையொப்பமிட வேண்டும். 20 ஆண்டுக்கு அது செல்ல வேண்டும். 2045க்குப் பின் எவர் வந்தாலும் அவரையும் கட்டுப்படுத்த வேண்டும். விண்ணப்பித்து முப்பது நாளுள் பதில் வராவிடின் இணக்கம் தெரிவித்ததாகக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அப்பத்திரத்தில் ஒரு வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும்: இதில் கையொப்பமிடுவதனால் அங்கு வாழும் மக்களின் காணி உரிமைக் கோரிக்கைக்கு எவ்விதப் பங்கமும் நேராது என்பதே அது. கூரைக்கு அனுமதி கேட்டவன் நிலம் தனதல்ல என்று ஒப்புக்கொண்டான் என நாளை ஒருவர் நீதிமன்றத்தில் வாதிக்க இடம் வைக்கக்கூடாது. விளக்குக்காக நிலத்தை விட்டுக்கொடுத்தோம் என்ற பழி நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, பொது நிலையம் ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரிலேயே தனி மின்மானியும் தனிக் கணக்கும் வேண்டும். தோட்டக் கணக்கின் நிழலில் இருக்கும் வரை, மிச்சமாகும் பணம் யாருடைய பையில் விழுகிறது என்பது தெரியப் போவதில்லை.

நான்காவது, உதவித் திட்டங்களுக்குத் தெரிவாகும் தலங்களின் பட்டியலைப் பிரதேச செயலகங்கள் மூன்று மொழிகளிலும் ஒட்டி வைக்க வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. பதுளையிலும் பண்டாரவளையிலும் தொழில் புரியும் தமிழ்ச் சட்டத்தரணிகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தோட்டத்துக் கோயில்களுக்குக் கொடுப்போமாயின், இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் அவற்றைப் பதிவு செய்யும் வேலை விரைவில் முடியும். பரிபாலன சபைக்கு யாப்பு எழுதுவதும், வங்கிக் கணக்குத் திறப்பதும், கூட்டக் குறிப்பு வைப்பதும் நமக்குச் சிறு காரியங்கள். அவர்களுக்கு அவையே பெரும் மலைகள். பொறியியலாளர் ஒருவர் கூரையின் மரத்தையும் தகரத்தையும் பார்த்து, பாரம் தாங்குமா என்று சொல்லட்டும். கணக்காளர் ஒருவர் விலைமனுக்களை ஒப்பிட்டுக் கொடுக்கட்டும். ஆசிரியர்கள் உயர்தர வகுப்பு மாணவர் இருவரைத் தகடு துடைக்கவும் மின்மானி பார்த்து எழுதி வைக்கவும் பழக்கட்டும்.

வெலிமடையிலும் ஊவா பரணகமவிலும் மரக்கறி பயிரிடும் கமக்காரரும் இதனைத் தோட்டத்தாரின் விவகாரம் என்று ஒதுக்க வேண்டாம். 2022இல் எரிபொருள் வரிசையில் கிடந்து, நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லாமல் பயிர் வாடக் கண்டவர்கள் நீங்கள். உங்கள் கமநல சேவை நிலையத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கூரைகள் உள்ளன. சங்கத்தின் கூரையில் விளையும் மின்சாரம் சங்கத்தின் களஞ்சியத்தைக் குளிர வைத்தால், விலை வீழ்ந்த அன்றே மரக்கறியை அள்ளிக் கொடுக்கும் நிலை சிறிதாவது தளரும். சிங்களக் கமக்காரரும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே வெயிலில் நிற்கிறார்கள். இந்தக் கோரிக்கையில் இருவரும் ஒரே மேடையில் நிற்பதற்கும் தடையில்லை.

மலையகத்தில் மின்சாரம் முதலில் பிறந்தது தோட்டத் தொழிற்சாலைகளிலே. பல தோட்டங்களில் அருவி நீரை இறக்கிச் சக்கரம் சுழற்றி இயந்திரம் ஓட்டினர் வெள்ளைத் துரைமார். அருவி தோட்டத்து அருவி. சக்கரத்தைச் சுமந்து மலையேற்றியவன் தோட்டத் தொழிலாளி. தொழிற்சாலையில் விளக்கு எரிந்தது. அவன் லயத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி புகைந்தது. அருவியை இழந்தது போதும். வெயிலையும் இழப்போமாயின், வரும் தலைமுறை நம்மை மன்னிக்காது.

பசறையிலிருந்து வந்த அந்தப் பெரியவருக்கு அன்று சொல்ல இயலாத விடையை இன்று சொல்கிறேன். வெயில் எவர் வீட்டுச் சொத்துமன்று, ஐயா. அதற்குத் துரையின் கையொப்பம் தேவையில்லை. கூரைக்குத்தான் ஒரு கையொப்பம் தேவையாக இருக்கிறது. அதனை வாங்கும் வரை நானும் உங்களோடு அந்த மூன்று வாசல்களிலும் ஏறியிறங்குவேன். இதனைப் படிப்போர் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்தில், தத்தம் கிராமத்தில் ஒரு கோயிலுக்கோ ஒரு பள்ளிக்கோ ஒரு மருந்தகத்துக்கோ அவ்வாறே துணை நிற்பாராக. அடுத்த கச்சான் காலத்து வெயில் ஊவாவின் கொழுந்தில் மட்டும் காயாமல், ஊவாவின் ஏழைக் கூரைகளிலும் காயட்டும்.